துறைமுகத்தில் ஒரு வெளியுறவு வகுப்பு

வெள்ளி இரவு, உவர்மலை, திருகோணமலை

மட்டக்களப்பிலிருந்து வாகரை வழியாகத் திருகோணமலைக்கு வரும் வீதி முழுக்கப் பாலங்கள்தான். ஆறும் களப்பும் கடலோடு சேருகிற இடமெல்லாம் ஒன்று. முன்பு ஒவ்வொரு துறையிலும் பஸ்ஸை விட்டிறங்கி, மிதவைப் பாதையில் ஏறி, அக்கரையில் வெயிலில் நின்று அடுத்த வாகனத்தைப் பிடிக்க வேண்டும். என் அம்மாவுக்குத் திருகோணமலைப் பயணம் என்றால் ஒரு நாள் போய்விடும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியாது. ஏறினார்கள், காதில் பாட்டை மாட்டினார்கள், கண்ணை மூடினார்கள்.

கிண்ணியாப் பாலத்தில் எழுப்பிவிட்டேன்.

“இந்தப் பாலத்தக் கட்டினது ஆர்?”

“அரசாங்கம் ரீச்சர்.”

“எந்த அரசாங்கம்?”

முழித்தார்கள். 2009இல் திறந்த இந்த 396 மீற்றர் பாலத்துக்குச் சவூதி அரேபியாவின் பணம் வந்தது. அதற்கு முன் தாண்டி வந்த பாலங்கள் பலவற்றுக்குப் பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகம் கடன் தந்தது. 1782இல் பிரெஞ்சுக்காரர் பீரங்கியோடு வந்து திருகோணமலையைப் பிடித்தார்கள், இந்த நூற்றாண்டில் பாலத்துக்குக் கடன் தந்தார்கள் என்று சொன்னேன். பின் வரிசையில் ஒருவன், “அப்ப இப்ப நல்லாக்கள்தானே” என்றான். நல்லவர்களா என்பதை விட, எதற்காகத் தந்தார்கள், நாங்கள் என்ன கொடுத்தோம் என்று கேட்கப் பழகுவோம் என்றேன். காது கம்பிகள் மறுபடி ஏறிவிட்டன. சரி, பயணக் களை.

விடுமுறையில் இத்தனை பேரைக் கட்டி இழுத்து வந்த காரணம் இது. கிழக்கில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் ஒரு சட்டத்தரணியும் சேர்ந்து, உயர்தர மாணவர்களுக்கு வெளிநாட்டுக் கொள்கை பற்றி ஒரு விடுமுறைப் பயிற்சி வைக்கிறார்கள். முழுக்கத் தமிழில். சான்றிதழ் உண்டு, புள்ளி இல்லை. நான் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பாடத்தில் சர்வதேச அரசியல் ஓர் அலகாக இருக்கிறது. அணிசேராமையின் ஐந்து பண்புகளை எழுது என்று கேட்டால் என் பிள்ளைகள் நித்திரையிலும் எழுதுவார்கள். நாளைக்கு ஒரு கப்பல் வந்து நின்றால் அந்த ஐந்தில் எது உதவும் என்று கேட்டால் எழுத மாட்டார்கள். அந்த இடைவெளிதான் என்னை இங்கே கொண்டுவந்தது.

மாலையில் அறிமுகம். மூதூர், கிண்ணியா, சம்பூர், தம்பலகாமம், நிலாவெளி, புல்மோட்டை, எங்கள் மட்டக்களப்பு என்று மண்டபம் நிறைய ஆட்கள். பெயர் போடாமல் ஒரு துண்டில் எழுதச் சொன்னார்கள்: வெளிநாட்டுக் கொள்கை என்றதும் முதலில் மனதில் வருவது என்ன? ஜெனீவா (ஐ.நா. மனித உரிமைப் பேரவை), சீனா, கடன், விசா, ஐ.நா., ஐ.எம்.எஃப். எதிர்பார்த்தவைதான். ஒரு துண்டில் மட்டும் ‘உம்மா’ என்று இருந்தது, முஸ்லிம் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுகிற சொல். வாசித்த சட்டத்தரணி அதை மற்றத் துண்டுகளோடு வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் அடுத்ததுக்குப் போனார். கெட்டிக்காரர்.

இடியப்பமும் சொதியும் சூடை மீன் பொரியலும். கச்சான் காற்று யன்னலை அடித்துக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் இன்னும் தூங்கவில்லை, கதைத்துக்கொண்டிருப்பது இங்கே கேட்கிறது.

சனி இரவு

காலையில் பிரெட்ரிக் கோட்டை. கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாரும் இந்த வாசலால்தான் போகிறார்கள். ஆனால் வாசலில் நின்று யாரும் பார்ப்பதில்லை. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, மலையில் இருந்த கோயிலை இடித்த கல்லில் கட்டத் தொடங்கிய கோட்டை இது. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். சட்டத்தரணி மரநிழலில் எல்லாரையும் உட்கார வைத்து 1782ஐ மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு பிறக்கும்போது இங்கே ஒல்லாந்தர் கொடி. ஜனவரியிலேயே ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்ட் முடியும்போது பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் பிடித்துவிட்டார். செப்டெம்பர் 3ஆம் தேதி வெளிக்கடலில் இரு கப்பற்படைகளும் மோதின. ஒரே வருடத்தில் மூன்று கொடி. பிறகு ஐரோப்பாவில் சமாதானம் பேசி, ஊரைத் திரும்ப ஒல்லாந்தரிடமே கொடுத்தார்கள்.

அதை விடச் சுவையானது 1795. பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் நுழைந்ததும் அந்நாட்டு இளவரசர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். கியூ என்ற இடத்தில் இருந்துகொண்டு, குடியேற்ற நாடுகளில் உள்ள தன் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்: பிரெஞ்சுக்காரர் கைக்குப் போகாமல் ஆங்கிலேயரை உள்ளே விடுங்கள். வீட்டுக்காரன் ஊரை விட்டு ஓடிப்போய், அயலவனிடம் திறப்பைக் கொடு என்று வேலைக்காரனுக்கு எழுதினது மாதிரி. இங்கிருந்த ஒல்லாந்தர் கேட்கவில்லை, முற்றுகை, பீரங்கி, ஓகஸ்டில் சரண். 1802இல் அமியன்ஸ் உடன்படிக்கையில் அது சட்டமும் ஆனது. அமியன்ஸ் பிரான்சில் இருக்கிறது. கியூ லண்டனுக்குப் பக்கத்தில்.

“அப்ப திருகோணமலைய ஆர் ஆளுறதெண்டு திருகோணமலையில ஒருக்காவும் முடிவெடுக்கயில்லயா?” என்று சம்பூர்ப் பிள்ளை கேட்டாள். சட்டத்தரணிக்கு இந்தக் கேள்விதான் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். பதில் சொல்லாமல் எழும்பிவிட்டார்.

1800இல் ஆதர் வெல்லெஸ்லி தங்கியிருந்த வீடு கோட்டைக்குள் இருக்கிறது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். பிள்ளைகளுக்கு அவரில் அக்கறை இல்லை, மான்களில்தான் அக்கறை. கோட்டை மான்களுக்கு மனிதப் பயம் கிடையாது. ஒன்று வந்து என் மாணவனின் கையில் இருந்த குறிப்புத் தாளை இழுத்துத் தின்றது. கோயிலுக்குப் போய்க் கும்பிட்டோம். முஸ்லிம் பிள்ளைகள் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கடல் பார்த்தார்கள். அன்னாசித் துண்டில் உப்பும் தூளும் போட்டு விற்கிறவரிடம் எல்லாரும் சமாதானமாகச் சேர்ந்துகொண்டார்கள்.

பதினொரு மணிக்கு அமெரிக்காவில் வளர்ந்த ஒரு தங்கச்சி பேசினாள். பெற்றார் திருகோணமலை, பள்ளிப் படிப்பு முழுக்க அங்கே. இந்தப் பயிற்சிக்கான யோசனையே அவளுடையது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளியுறவு கற்பிக்க எத்தனை ஏற்பாடு இருக்கிறது என்று கேட்கக் கொஞ்சம் பொறாமைதான். நியூயோர்க்கில் 1918இல் தொடங்கிய வெளியுறவுக் கொள்கைச் சங்கம் ஒன்று, 1954 முதல் ‘கிரேட் டிசிஷன்ஸ்’ என்று ஒரு திட்டம் நடத்துகிறது. ஆண்டுக்கு எட்டுத் தலைப்பு. சிறு நூலை வாசிக்க வேண்டும், அயலவரோடு கூடிப் பேச வேண்டும், கடைசியில் வாக்குச்சீட்டில் தன் கருத்தைக் குறிக்க வேண்டும். பள்ளிகளிலும் அதை வைத்துப் படிப்பிக்கிறார்கள். உலக விவகார மன்றங்கள் நான்கு பேர் அணிகளுக்கு வினாடி வினா வைத்து, இறுதிச் சுற்றுக்கு வாஷிங்டன் கூப்பிடுகின்றன. பிரவுண் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘சொய்சஸ்’ பாடத்திட்டத்தில் ஒரு நெருக்கடியை எடுத்து, மூன்று நான்கு வழிகளை வைத்து, ஒவ்வொரு வழிக்கும் ஒரு குழுவை வாதாட விடுகிறார்கள். வெளியுறவுகள் மன்றத்தின் ‘மொடல் டிப்ளோமசி’யில் மாணவன் அமெரிக்கத் தேசிய பாதுகாப்புச் சபையில் அமைச்சராக உட்காருகிறான்.

கிண்ணியாத் தம்பி ஒருவன் கை உயர்த்தினான். “அக்கா, இது எல்லாத்திலயும் கேள்வி ஒண்டுதானே. உலகத்த நாங்க என்ன செய்யலாம் எண்டு. எங்களுக்கு அந்தக் கேள்வி சரிவராது. அவங்க முடிவெடுத்தாப் பிறகு நாங்க என்ன செய்யிற எண்டதுதான் எங்கட கேள்வி.”

அவள் சிரித்துவிட்டாள். “அதுக்காகத்தான் இங்க வந்து செய்யிறம்” என்றாள்.

அவன் சொன்னதில் பாதிதான் சரி என்று எனக்குப் பட்டது. என் முறை வந்தபோது 1952ஐச் சொன்னேன். கொரிய யுத்தம் நடக்கிறது, இலங்கையில் அரிசி இல்லை, றப்பர் விலை விழுந்துகொண்டிருக்கிறது. சீனாவோடு அப்போது தூதரக உறவுகூட இல்லை. அமெரிக்கா முகம் சுளிக்கும் என்று தெரிந்தும், கம்யூனிச எதிர்ப்பில் ஊறிய ஓர் அரசாங்கமே சீனாவோடு றப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. அமெரிக்க உதவி நின்றது, அரிசி வந்தது. 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபையில் கொண்டுவந்ததில் முன்னின்றது பிரதமர் சிறிமாவோவின் இலங்கை. பெரிய நாடுகள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது வேறு கதை. கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் ஷேர்லி அமரசிங்க, இலங்கையர். இன்றைக்கு 200 கடல்மைல் வரை மீனும் கனிமமும் கரையோர நாட்டுக்கு என்று இருப்பது அந்த மாநாடு முடிந்து 1982இல் வந்த சமவாயத்தில். சின்ன நாட்டுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த பிள்ளைகளுக்கு இவை எல்லாம் புதுச் செய்தி. பாடப் புத்தகத்தில் இருக்கிறதுதான். ஆனால் அங்கே அது பரீட்சைக்கு.

பின்னேரம் சீனக்குடா. எண்ணெய்க் குதங்களுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது; பஸ்ஸை மெதுவாக விட்டுக் காட்டுக்கு மேலால் தெரிகிறதைப் பார்த்தோம். துருப்பிடித்த வட்ட முதுகுகள். இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியர் தங்கள் கடற்படைக்குக் கட்டியவை. 850 ஏக்கரில் 99 தாங்கிகள் மிச்சம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி யப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு விமானம் நேரே ஒரு தாங்கியில் போய் விழுந்தது. அதே நாளில்தான் எங்கள் மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சுதந்திரம் கிடைத்து ஒன்பது வருடம் கழித்தும் பிரித்தானியக் கடற்படை இங்கேதான் இருந்தது; 1957இல்தான் தளம் கைக்கு வந்தது.

பஸ்ஸிலேயே 1987 ஜூலை 29 கடிதத்தின் தமிழ்ப் பிரதியைக் கொடுத்தோம். இலங்கை–இந்திய ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்கள். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேள்விப்படாத பிள்ளை இல்லை. கடிதத்தை வாசித்த பிள்ளை ஒன்றும் இல்லை. திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் விடப்படாது என்று அதில் இருக்கிறது. இந்த எண்ணெய்க் குதங்களை இரு நாடும் சேர்ந்து திருத்தி நடத்தும் என்றும் இருக்கிறது. 2003இல் இந்தியன் ஒயில் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி.யிடம் போயின. 2022 ஜனவரியில் புதுப் பங்கீடு: 14 அந்தக் கம்பனிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டுக் கம்பனிக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது ஐக்கிய அரபு இராச்சியமும் சேர்ந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஒரு புரிந்துணர்வு. யாரோ ஒருவன் 14, 24, 61ஐக் கூட்டிப் பார்த்து “சரியா 99 வருது” என்றான். கணக்கு விடாத பிள்ளை.

சம்பூர்ப் பிள்ளை கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். அவளுடைய ஊர்ச் சனம் 2006இல் இடம்பெயர்ந்து, கிட்டத்தட்டப் பத்து வருடம் திரும்ப முடியாமல் இருந்தார்கள். இந்தியாவோடு சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. 2025இல் அங்கே 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கு வேலை தொடங்கிவைத்தார்கள். காலையில் கேட்டதையே வேறு விதமாகக் கேட்டாள். “இத எழுதக்குள்ள இஞ்ச ஆரிட்டயாவது கேட்டவங்களா?” இல்லை என்றேன்.

திரும்பும் வழியில் பிறிமா மா ஆலை. சிங்கப்பூர்க் கம்பனி, 1980இல் இயங்கத் தொடங்கியது. கோதுமை கப்பலில் இந்தத் துறைமுகத்துக்கே வந்து மாவாகிப் போகிறது. நாளைக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் என்றதும் யாரும் மறுக்கவில்லை.

ஞாயிறு இரவு

இன்றைக்கு விளையாட்டு. விளையாட்டு என்று சொல்லலாமா தெரியவில்லை, ஒரு பிள்ளை அழுதாள்.

பிள்ளைகள் நாடுகளின் பிரதிநிதிகளாக இருந்து பேசுகிற மாதிரி ஐ.நா. என்ற வடிவத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கொழும்பில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கோட், கழுத்துப்பட்டி, ஆங்கிலம், ‘கனம் தலைவர் அவர்களே’. ஆங்கிலம் பேசத் தெரிந்த பிள்ளை நாட்டின் நிலைப்பாடே தெரியாமல் வெல்லும். தமிழில் செய்தாலும் மேடைப் பேச்சுப் பழகிய பொடியன்கள் நேரத்தைத் தின்றுவிடுவார்கள். அந்த அமெரிக்கத் தங்கச்சி அதில் நல்லதாக ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள்: முறை வைத்துத்தான் பேச வேண்டும், ஆளுக்கு ஒன்றரை நிமிடம், மணி அடித்தால் நிறுத்த வேண்டும். அந்த மணியால்தான் தம்பலகாமத்துப் பிள்ளையின் குரலை நாங்கள் கேட்டோம். அதுவரை வாயே திறக்காதவள்.

கதை இது. ஒரு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் எரிபொருளுக்கும் உணவுக்கும் திருகோணமலையில் ஐந்து நாள் நிற்க அனுமதி கேட்கிறது. எந்த நாடு என்று தாளில் இல்லை. இரண்டு நிமிடத்தில் சீனா என்று பிள்ளைகளே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு குழு இலங்கை அமைச்சரவை, ஒன்று டில்லி, ஒன்று கப்பலின் நாடு, ஒன்று துறைமுக அதிகாரிகள், ஒன்று மீனவர் சங்கம், ஒன்று பத்திரிகை. ஒவ்வொரு உறைக்குள்ளும் அந்தத் தரப்புக்கு மட்டும் தெரிந்த விபரம்.

டில்லிக் குழுத் தலைவி மூதூர்ப் பிள்ளை. எடுத்த எடுப்பில் 1987 கடிதத்தை மேசையில் வைத்தாள். கப்பல்காரர் விடவில்லை. கடிதம் இராணுவப் பாவனையைத்தான் சொல்கிறது, இது ஆய்வுக் கப்பல் என்றார்கள். ஆய்வுக் கப்பல் கடலடியை அளந்தால் நீர்மூழ்கிக்கு உதவும் என்றாள் அவள். பாதகம் என்று தீர்மானிப்பது ஆர், டில்லியா கொழும்பா என்று கப்பல்காரர் திருப்பினார்கள். கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. சட்டத்தரணி தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டார்.

தம்பலகாமத்துப் பிள்ளைதான் நிதி அமைச்சர். அவளுடைய ஒன்றரை நிமிடம் இப்படிப் போனது: 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாது என்று அறிவித்த நாடு நாங்கள். அந்த வருடம் இந்தியா ஏறக்குறைய 400 கோடி டொலர் அளவில் உதவியது. சீனாவிடமும் பெருங் கடன். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது 112 கோடி டொலருக்கு. கடனை மறுசீரமைக்க இரண்டு பேருடைய சம்மதமும் வேணும். ஆகவே இரண்டு பேரில் ஒருவருக்கும் முகத்தில் அடிக்கிற மாதிரி இல்லை என்று சொல்ல என்னால் ஏலாது. ஆம் என்றும் சொல்ல ஏலாது. மணி அடித்தது. உட்கார்ந்துவிட்டாள்.

மண்டபம் கைதட்டியது. மீனவர் சங்கம் தட்டவில்லை. கப்பல் நிற்கிற நாட்களில் தங்கள் படகுகளைத் துறைமுகத்துக்குள் விடுவார்களா என்று அவர்கள் மூன்று தடவை கேட்டும் அமைச்சரவை பதிலே சொல்லவில்லை. பத்திரிகைக் குழு அதையே தலைப்பாகப் போட்டது. உள்ளதில் அதுதான் நல்ல தலைப்பு.

கடைசியில் அமைச்சரவை எடுத்த முடிவு: திகதியைப் பின்போடச் சொல்லிக் கேட்பது; முடியாவிட்டால் எரிபொருள், உணவு மட்டும்; இலங்கைக் கடற்பரப்பில் ஆய்வு கூடாது; இடங்காட்டும் கருவியை அணைக்கக் கூடாது. டில்லிக்கு முன்கூட்டியே சொல்வது. சண்டை பிடித்து, ஒருவன் ‘இராஜினாமா’ செய்து, சமாதானமாகி எழுதியது. அதற்குப் பிறகுதான் 2022 ஓகஸ்ட் பத்திரிகை நறுக்குகளைக் கொடுத்தோம். ‘யுவான் வாங் 5’ என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்த கதை. அரசாங்கம் முதலில் பின்போடச் சொன்னது, பிறகு ஏறக்குறைய இதே நிபந்தனைகளோடு விட்டது. 2024 தொடக்கத்தில் இருந்து ஒரு வருடத்துக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலும் வேண்டாம் என்றது. ‘அப்ப அவங்களும் எங்கள மாதிரித்தான் முழிச்சிருக்காங்க’ என்று யாரோ சொன்னது கேட்டது. அரசியல்வாதிகளைத் திட்டுவதற்கே பழகிய மண்டபத்தில் அது பெரிய மாற்றம். திட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்குத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டலாம்.

பின்னேரம் மீன், இந்திய இழுவைப் படகுகள் எங்கள் கடலுக்குள் வருகிற பிரச்சினை. புல்மோட்டைப் பொடியன், மூன்று தலைமுறையாகக் கடல் தொழில், அவனை இராமநாதபுரத்து இழுவைப் படகு உரிமையாளராக இருத்தினோம். முடியாது என்றான். வாப்பாவின் வலையை அறுத்தவர்களுக்காகப் பேசமாட்டேன் என்று எழும்பி வெளியே போய்விட்டான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுத் தானாகவே வந்தான்.

வந்து பேசினான், பாருங்கள். படகுக்கு வாங்கிய கடன், டீசல் விலை, எட்டுப் பேர் கூலி, தங்கள் பக்கத்துக் கடலை இழுத்து இழுத்து வெறுமையாக்கிய பின் போக வேறு இடம் இல்லாதது, 1974இலும் 1976இலும் இரு நாட்டுக்கும் கடல் எல்லைக் கோடு கீறியபோது தன் பாட்டனிடம் யாரும் கேட்காதது. கடைசி வரி சம்பூர்ப் பிள்ளையிடம் கடன் வாங்கியது, எனக்குத் தெரியும். எதிரே இலங்கை மீனவராக இருந்த மட்டக்களப்புப் பிள்ளைக்குப் பதில் வரவில்லை; கண் கலங்கிவிட்டது. தோற்றுப்போன கோபம் என்றாள் பிறகு. இழுவைமடி இலங்கையில் 2017இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில் இந்தியா பாக்கு நீரிணைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற ஒரு திட்டம் தொடங்கியது. இந்தியாவில் இழுவைப் படகு பரவிய கதையில் 1950களில் கேரளத்தில் நடந்த நோர்வே உதவித் திட்டத்துக்கும் பங்குண்டு. சமாதானம் பேச வந்த அதே நோர்வே என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்.

“இப்ப அவங்களில கோவம் குறைஞ்சிட்டா?” என்று புல்மோட்டைப் பொடியனைக் கேட்டேன்.

“இல்ல ரீச்சர். கூடியிருக்கு. ஆனா ஆரில எண்டுதான் மாறியிருக்கு.”

இரவு கொத்து ரொட்டி. பிறகு மூதூர்த் தயிரும் பாணியும். எழுத இதற்கு மேல் தெம்பில்லை.

திங்கள் மாலை

கடைசி அமர்வுக்கு நாங்கள் ஒன்றும் ஆயத்தம் செய்யவில்லை. பிள்ளைகள் தலைப்புச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. மூதூர்ப் பிள்ளை எழும்பினாள். முதல் நாள் கிண்ணியாப் பாலத்துக்குச் சவூதிப் பணம் என்று நான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னது அவள் காதுக்குப் போயிருக்கிறது.

“றிசானா நபீக் எங்கட ஊர்” என்றாள்.

மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது. அப்போது இவர்கள் குழந்தைகள். அவளே சொன்னாள். 2005இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்குப் போன மூதூர்ப் பிள்ளை. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பினார்கள். போன கொஞ்ச நாளில் அந்த வீட்டுக் குழந்தை இறந்தது, கொலைக் குற்றம். தொடக்கத்தில் சட்டத்தரணி இல்லை, ஒழுங்கான மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று மனித உரிமை அமைப்புகள் சொன்னன. இலங்கை அரசாங்கம் கருணை கேட்டது, பலமுறை கேட்டது. 2013 ஜனவரி 9ஆம் தேதி தண்டனையை நிறைவேற்றினார்கள். பிறகு இலங்கை தன் தூதுவரைத் திருப்பி அழைத்தது, சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போகும் வயதை 25 ஆக உயர்த்தியது.

“பாலத்துக்குக் காசு கேக்கலாம், தருவாங்க. ஒரு உயிரக் கேட்டா ஏன் தரயில்ல? கேட்ட விதம் பிழையா, கேட்ட நேரம் பிழையா? இல்லாட்டி எங்களிட்ட திருப்பிக் குடுக்க ஒண்டும் இல்லயா?”

நாங்கள் மூன்று பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சட்டத்தரணிதான் தொடங்கினார், மெதுவாக, ஒவ்வொன்றாகப் பிரித்து. கொன்சியூலர் உறவுகள் பற்றி 1963 வியன்னா சமவாயம் இருக்கிறது. பிற நாட்டில் கைதானவர் தன் நாட்டுத் தூதரகத்தோடு தொடர்புகொள்ள உரிமை உண்டு. ஆனால் உரிமை பேசத் தெரிய வேண்டும், தூதரகத்தில் போதிய ஆள் வேண்டும், முதல் வாரத்திலேயே போக வேண்டும். அந்நாட்டுச் சட்டத்தில் மன்னிக்கும் உரிமை இறந்த குழந்தையின் பெற்றோரிடம் இருந்தது, அரசரிடம் அல்ல. ஆகவே அரசாங்கங்கள் பேசுவது ஓர் எல்லை வரைதான். இன்னொன்று, எங்கள் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவருவதில் வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் முன்வரிசை. ஆள் அனுப்புகிற நாடு வாங்குகிற நாட்டோடு பேசும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. பிலிப்பைன்ஸ் அப்படித் தாழாமல் இருக்கப் பார்த்த நாடு என்று தங்கச்சி இடையில் சொன்னாள். 1995இல் சிங்கப்பூரில் ஃபுளோர் கொன்டெம்பிளசியோன் என்ற பணிப்பெண் தூக்கிலிடப்பட்ட பிறகு அங்கே மக்கள் கொதித்தார்கள். வெளிநாட்டமைச்சர் பதவி விலகினார். அதே ஆண்டில் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது. பிள்ளைகள் குறிப்பெடுத்த ஒரே இடம் அதுதான். மற்றதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கிண்ணியாத் தம்பி, சனிக்கிழமை அமெரிக்காவின் கேள்வி சரிவராது என்றவன், இருந்தபடியே சொன்னான். “அந்தத் துண்டு நான் எழுதினது. உம்மா குவைத்தில.” அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவன் தோளில் கை போட்டான். மூதூர்ப் பிள்ளை அவனிடம் திரும்பி, உம்மாவின் ஒப்பந்தப் பிரதி வீட்டில் இருக்கிறதா, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தா போனார் என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். பரிதாபப்பட்டுக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை.

அமெரிக்கத் திட்டத்தில் இருந்து எடுத்த வாக்குச்சீட்டுக் கடைசியில். இந்த நாட்டு வெளியுறவில் முதலில் கவனிக்க வேண்டியது எது? முதலாவதாக வந்தது வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கான தூதரகச் சேவை. அடுத்தது இழுவைப் படகு. அதற்கடுத்து எண்ணெய்க் குதம். நாங்கள் அரைவாசி நேரத்தைச் செலவழித்த ஆய்வுக் கப்பல் கடைசிக்கு முதல். கடைசி இடம் ஜெனீவா, அதில் எனக்கு வியப்புத்தான். முதல் நாள் துண்டுகளில் அதிகம் இருந்த சொல் அது. கேட்டேன். “அது முக்கியம்தான் ரீச்சர், ஆனா அதப் பெரியாக்கள் பேசுறாங்க, இதப் பேச ஆளில்ல” என்றாள் சம்பூர்ப் பிள்ளை. முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை, வாதாடவும் நேரமில்லை; பஸ் வந்துவிட்டது.

அடுத்த தடவை கிண்ணியாவில் வைப்பதாகப் பேச்சு. மாரியில் வீதிக்கு மேலால் தண்ணீர் போகும், ஆகவே அது கழித்து. வேலைவாய்ப்புப் பணியகத்தில் வேலை செய்தவர் ஒருவரையும் கொழும்பில் தூதரக அலுவல் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரையும் கூப்பிட வேண்டும் என்று பிள்ளைகளே எழுதித் தந்திருக்கிறார்கள். இன்னொரு கோரிக்கை தம்பலகாமத்துப் பிள்ளையிடம் இருந்து வந்தது. அமைச்சரவை என்று எங்களை இருத்தினீர்கள், உண்மையான அமைச்சரவையில் சிங்கள ஆட்கள்தானே கூட, திருகோணமலையில் சிங்களப் பள்ளிகள் இருக்கின்றன, அவர்களையும் கூப்பிடுங்கள் என்றாள். மொழி எப்படி என்று கேட்டோம். அவளுக்குச் சிங்களம் தெரியுமாம், தம்பலகாமத்தில் அயலவர்களோடு பேசிப் பழகியது. ஒன்றரை நிமிடத்தை மூன்றாக்கினால் மொழிபெயர்த்துவிடலாம் என்கிறாள். சட்டத்தரணி இரண்டரைக்கு மேல் தர மாட்டேன் என்கிறார். பஸ் புறப்படும்வரை அந்தப் பேரம் முடியவில்லை.